இடியாமல் தப்பிய விடுதலை நகரம்: பிரான்சின் பாயூவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நார்மண்டியின் போர்க்களங்களைப் பார்க்கச் செல்பவர்களில் பெரும்பாலோர் பாயூவில் இரவு தங்குகிறார்கள். காலையில் வண்டி ஏறிக் கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். மாலையில் களைத்துத் திரும்பி, பேராலயத்தின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு, மறுநாள் பாரிசுக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். இது பெரிய இழப்பு. இரண்டாம் உலகப் போரின்போது, 1944ஆம் ஆண்டின் கோடையில், ஜெர்மனியின் பிடியிலிருந்து பிரான்ஸ் பெற்ற விடுதலை என்பது ஓர் அரசாகவும், ஒரு மருத்துவமனையாகவும், ஒரு சாலையாகவும், கடைசியில் ஒரு கல்லறைத் தோட்டமாகவும் உருவெடுத்தது இந்தச் சின்ன ஊரில்தான். அந்த நிகழ்ச்சிகள் நடந்த வரிசையிலேயே ஊரை நடந்து பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. கீழே தரப்பட்டுள்ள படிகள் அந்த வரிசையையே பின்பற்றுகின்றன.

முதல் படி: புறப்படும் முன் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்

பாயூ, கால்வதோஸ் மாவட்டத்தில், கடலிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கும் ஊர். மக்கள்தொகை சுமார் 13,000. 1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் தரையிறங்கியபோது, பிரிட்டனின் 50ஆவது டிவிஷன் பாயூவுக்கு வடகிழக்கே, கோல்டு என்று குறிப்பெயர் சூட்டப்பட்டிருந்த கடற்கரையில் கால் வைத்தது. அன்று மாலைக்குள் பாயூவைப் பிடித்துவிடுவது திட்டம். இருட்டும் நேரத்தில் முன்னணி ரோந்துக் குழுக்கள் ஊரின் விளிம்பை எட்டியிருந்தன. மறுநாள், ஜூன் 7 அன்று, 56ஆவது பிரிகேடைச் சேர்ந்த எசெக்ஸ் படையினரும் ஷெர்வுட் ரேஞ்சர்ஸ் டாங்கிகளும் உள்ளே நுழைந்தபோது, பெரிய எதிர்ப்பு எதையும் சந்திக்கவில்லை. ஜெர்மானியர் ஊரை விட்டு வெளியேறியிருந்தார்கள்.

எதிர்ப்பு இல்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. பாயூ வட்டாரத்தில் கையிருப்பாக நிறுத்தப்பட்டிருந்த ஜெர்மன் காலாட்படை, ஜூன் 6 விடியும் முன்பே, மேற்கே பாராசூட் வீரர்கள் பெருமளவில் இறங்கிவிட்டார்கள் என்ற செய்தியால் அந்தத் திசைக்கு அனுப்பப்பட்டது. பாதி வழியில் உத்தரவு மாறியது. அந்தப் படையின் ஒரு பகுதி அமெரிக்கர் இறங்கிய ஒமாஹா கடற்கரைப் பக்கமும், மீதி கிழக்கே பிரிட்டிஷாரை நோக்கியும் திருப்பி விடப்பட்டது. காலையிலிருந்து மேற்கும் கிழக்குமாக அலைந்து களைத்த அந்தப் படை அன்று மாலை களத்தில் சிதறிப்போனது. பாயூவைக் காத்து நிற்க ஆள் இல்லாமல் போயிற்று. சண்டை நடக்காததால் குண்டுவீச்சுக்குத் தேவை எழவில்லை. பதினோராம் நூற்றாண்டின் பேராலயமும், மரச்சட்டங்களுக்கு இடையே மண் வைத்துக் கட்டிய பழைய வீடுகளும், கல்பாலங்களும் அப்படியே நின்றன.

இதை அறிந்துகொண்டு போவது ஏன் முக்கியம் என்றால், அக்கம்பக்கத்து ஊர்களுக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. கிழக்கே 30 கிலோமீட்டரில் உள்ள கான் நகரம் ஜூன் 6 முதலே குண்டுவீச்சுக்கு ஆளாகி, அதன் வடபகுதி ஜூலை 9 அன்றுதான் விடுதலையானது. அதற்குள் நகரின் பெரும்பகுதி இடிந்து போயிருந்தது. தென்மேற்கே உள்ள சான் லோ, தரையிறக்கம் நடந்த அன்றிரவே விமானக் குண்டுகளால் தகர்க்கப்பட்டது. நார்மண்டிப் போரில் சுமார் 20,000 பிரெஞ்சுப் பொதுமக்கள் உயிரிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தங்களை விடுவிக்க வந்தவர்களின் குண்டுகளுக்கே பலியானார்கள். பாயூவின் அழகை ரசிக்கும் ஒவ்வொரு நிமிடமும் இந்த உண்மை உங்கள் மனத்தில் இருக்கட்டும். இந்த ஊர் எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதைவிட, இது எப்படித் தப்பியது என்பதே பெரிய செய்தி.

இரண்டாம் படி: காலத்தைத் தேர்ந்தெடுங்கள்

மே மாதம் முதல் செப்டம்பர் வரை வானிலை ஏற்றதாக இருக்கும். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால் ஒரே நாளில் நிறையப் பார்க்கலாம். ஆனால் ஜூன் 6ஐ ஒட்டிய வாரத்தில் விடுதலை நினைவு விழாக்கள் நடைபெறுகின்றன. அந்தக் காலத்து ஜீப்புகளும் சீருடைகளும் தெருவெங்கும் நிறைந்திருக்கும், விடுதி அறைகள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும், விலையும் ஏறும். விழாவைக் காண்பதே நோக்கமானால் அப்போது போகலாம். அமைதியாகப் பார்க்க விரும்புவோருக்கு மே மாத நடுப்பகுதியையோ செப்டம்பரையோதான் நான் பரிந்துரைப்பேன். எந்த மாதமானாலும் மழைச்சட்டை அவசியம். கடற்காற்று குடையைத் திருப்பிவிடும். குடையை நம்ப வேண்டாம்.

பாயூ என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, இங்கிலாந்தை 1066ஆம் ஆண்டில் நார்மண்டியின் கோமகன் வில்லியம் வென்ற கதையைக் கம்பளி நூலால் தைத்துக் காட்டும் ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள லினன் துணிதான். அதைக் காண்பதே உங்கள் முதன்மை நோக்கம் என்றால் தேதியை நன்கு யோசித்து முடிவு செய்யுங்கள். அது வைக்கப்பட்டிருந்த அருங்காட்சியகம் புதுப்பிப்புக்காக 2025 செப்டம்பரில் மூடப்பட்டது. 2027 அக்டோபரில் மீண்டும் திறக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். இடையில், 2026 செப்டம்பர் முதல் 2027 ஜூலை வரை, அந்தத் துணி லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்படும் என்று இரு நாடுகளும் அறிவித்துள்ளன. துணி ஊரில் இல்லாத காலத்திலும் பாயூவுக்குப் போவதில் எந்தக் குறையும் இல்லை. சொல்லப்போனால், 1944 ஜூனில் பிரிட்டிஷ் வீரர்கள் உள்ளே நுழைந்தபோதும் அது ஊரில் இல்லை. ஜெர்மன் ஆட்சியாளர்கள் அதை 1941இல் அருகிலிருந்த மோந்தே மடத்துக்குக் கொண்டுபோய் ஆராய்ந்தார்கள். பின்னர் அது சார்த் மாவட்டத்திலிருந்த சூர்ஷ் கோட்டையில் பாதுகாக்கப்பட்டது. 1944 ஜூன் இறுதியில் பாரிசின் லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு மாற்றப்பட்டது. பாரிஸ் விடுதலையாகும் தறுவாயில் அதை எடுத்துச் செல்ல ஹிட்லரின் எஸ்.எஸ். படையினர் முயன்றும் முடியவில்லை. சொந்த ஊருக்கு அது 1945இல்தான் திரும்பியது.

எத்தனை நாள்? ஊருக்கு ஒரு முழு நாள், கடற்கரைக்கு ஒரு நாள், திரும்பும் வழியில் கான் நகரத்துக்கு அரை நாள். ஆக, முந்தைய மாலையே வந்துசேர்ந்து, பாயூவில் குறைந்தது மூன்று இரவுகள். பாரிசிலிருந்து காலையில் கிளம்பி இரவில் திரும்பும் ஒருநாள் சுற்றுலாக்கள் நிறைய விற்கப்படுகின்றன. அவற்றில் நேரத்தின் பெரும்பகுதி பேருந்திலேயே போய்விடும். ஊரைப் பார்க்கவும் முடியாது, கல்லறைகளின் முன் நிற்கவும் முடியாது.

மூன்றாம் படி: விசாவும் பயணமும்

இந்தியா அல்லது இலங்கைக் கடவுச்சீட்டில் செல்வோருக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத் தேதிக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். கோடையில் நேர்முகச் சந்திப்புக்கான இடங்கள் வேகமாகத் தீர்ந்துவிடுவதால் இதைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிப்போட வேண்டாம். பாரிசில் உறவினர் வீட்டில் தங்கி அங்கிருந்து பாயூவுக்குப் போக நினைப்பவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர். அப்படியானால், உங்களை வீட்டில் தங்கவைக்கும் உறவினர் தம் வட்டார மாநகராட்சியில் வரவேற்புச் சான்றிதழ் வாங்கி உங்களுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அதற்கும் சில வாரங்கள் ஆகலாம்.

பாரிசில் சான் லசார் நிலையத்திலிருந்து ரயில் புறப்படுகிறது. சில ரயில்கள் நேரே பாயூ செல்லும். மற்றவற்றில் கான் நிலையத்தில் இறங்கி மாற வேண்டும். பயண நேரம் ஏறத்தாழ இரண்டேகால் மணி முதல் இரண்டரை மணி. வட பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேலுக்கு அருகிலுள்ள வடக்கு நிலையமும் இதுவும் வெவ்வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் சீட்டில் நிலையத்தின் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்திலிருந்து வருவோருக்கு போர்ட்ஸ்மத்திலிருந்து கான் நகரின் துறைமுகமான விஸ்த்ரஹாம் வரை கப்பல் உண்டு. காரோடு வரலாம் என்பதால் குடும்பமாக வருபவர்களுக்கு இது மிகவும் வசதி.

பாயூ நிலையத்திலிருந்து பேராலயம் நடந்து போகும் தூரம்தான். பதினைந்து நிமிடம் ஆகும். பழைய ஊருக்குள்ளேயே, சான் ஷான் அல்லது சான் மார்த்தான் தெருக்களுக்கு அருகில் அறை எடுங்கள். அதிகாலையிலும் இரவிலும் பகல்நேரக் கூட்டம் இல்லாத தெருக்களில் நடக்க முடிவதற்காகவே கூடுதலாகச் சில யூரோ கொடுக்கலாம்.

நான்காம் படி: பேராலயத்திலிருந்து தொடங்குங்கள்

முதல் நாள் காலையில் கடைகள் திறக்கும் முன்பே பேராலயத்துக்குப் போய்விடுங்கள். அன்னை மரியாவின் பெயரில் அமைந்த இந்த ஆலயம் 1077 ஜூலை 14 அன்று, வில்லியமின் முன்னிலையில் அருள்பொழிவு செய்யப்பட்டது. அப்போது ஆயராக இருந்தவர் வில்லியமின் ஒருவயிற்றுச் சகோதரரான ஓடோ. தையல் துணியைச் செய்வித்தவரும் அவரே என்பது பல அறிஞர்களின் கருத்து. உள்ளே நின்று நடுமண்டபத்தின் தூண்களுக்கு மேலே பாருங்கள். கீழே உள்ள அரைவட்ட வளைவுகளைச் சுற்றியிருக்கும் சுவர்ப்பரப்பு முழுவதும் கூடை முடைந்தாற்போலப் பின்னிய கல்வேலைப்பாடு நிறைந்திருக்கும். அது பழைய ரோமனெஸ்க் பாணி. அதற்கு மேலே திடீரென்று கல் மெலிந்து, சன்னல்கள் உயர்ந்து, வெளிச்சம் கொட்டும். அது பின்னால் வந்த கோதிக் பாணி. இடையில் கோடு கிழித்தாற்போல ஒரு நூற்றாண்டு மாறுவதைக் கண்ணால் காணலாம்.

பலிபீடத்துக்குக் கீழே ஒரு நிலவறை உண்டு. நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த அந்த அறை, 1412இல் ஓர் ஆயரின் உடலை அடக்கம் செய்யக் குழி தோண்டியபோது வெளிப்பட்டது. குட்டையான தூண்கள் மீது பதினைந்தாம் நூற்றாண்டில் தீட்டிய, இசைக்கருவி வாசிக்கும் வானதூதர்களின் ஓவியங்கள் இன்னும் இருக்கின்றன. 1944இல் ஒரே ஒரு குண்டு இங்கே விழுந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை அந்த அறையில் நின்று நினைத்துப்பார்க்கும்போதுதான், முதல் படியில் சொன்ன படைநகர்வின் விளைவு முழுமையாக உறைக்கும்.

வெளியே வந்து, ஆலயத்தின் பக்கத்திலுள்ள முற்றத்தில் ஒரு மாபெரும் பிளேன் மரத்தைக் காணலாம். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் 1797இல் நட்ட விடுதலை மரம் அது. அருகிலேயே பழைய ஆயர் மாளிகையில் கலை, வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. பாயூவின் ஊசிப் பின்னல் வேலைப்பாடும் பீங்கான்களும் பிடிக்குமானால் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம், இல்லையேல் கடந்துவிடலாம். அங்கிருந்து ஆற்றங்கரைக்கு இறங்கினால் பழைய நீராலைச் சக்கரமும், ஒரு காலத்தில் தோல் பதனிடுவோரும் சாயம் போடுவோரும் இருந்த வீடுகளும் வரும். புதன்கிழமை சான் ஷான் தெருவிலும், சனிக்கிழமை சான் பத்ரீஸ் திடலிலும் காலைச் சந்தை கூடும். சனிக்கிழமைச் சந்தை பெரியது.

ஐந்தாம் படி: தெ கோல் பேசிய திடல்

பேராலயத்திலிருந்து சில நிமிட நடையில், மரங்கள் சூழ்ந்த ஒரு திறந்த திடல் இருக்கிறது. இன்று அதன் பெயர் சார்ல் தெ கோல் திடல். முன்பு கோட்டைத் திடல். பார்க்க அங்கே அதிகம் ஒன்றுமில்லை, நினைவுத்தூண் ஒன்று உண்டு. ஆயினும் பாயூவில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் இடம் இதுவே. ஆகையால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நாஜிகளோடு ஒத்துப்போன விஷி அரசு ஒரு பக்கம். லண்டனிலிருந்தும் அல்ஜியர்சிலிருந்தும் போராட்டத்தை நடத்திய பிரெஞ்சுத் தளபதி தெ கோலின் தலைமை மறுபக்கம். நேச நாடுகளோ இன்னும் தெ கோலைப் பிரான்சின் அரசாக ஏற்கவில்லை. விடுவிக்கும் பகுதிகளைத் தம் ராணுவ நிர்வாகத்தின் கீழ் வைப்பது குறித்து அமெரிக்கத் தரப்பில் ஏற்பாடுகள் இருந்தன. படையினர் கையில் செலவுக்காக அமெரிக்காவில் அச்சிட்ட பிராங்க் நோட்டுகளும் இருந்தன. இந்த நிலையில்தான் 1944 ஜூன் 14 அன்று, லா கொம்பத்தான்த் என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலில் வந்த தெ கோல், கூர்செல் அருகே கரையிறங்கினார். பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமெரியை மரியாதைக்காகச் சந்தித்துவிட்டு, நேரே பாயூவுக்கு வந்தார். தெருவில் மக்கள் சூழ்ந்துகொண்டார்கள். இந்தத் திடலில் நின்று, பிரான்சின் பெருநிலப்பரப்பில் விடுதலை பெற்ற மண்ணில் தம் முதல் பொது உரையை அவர் ஆற்றினார்.

உரையைவிட அழுத்தமான வேலை, அன்று அவர் விட்டுச்சென்ற ஆட்களுடையது. பிரான்சுவா கூலே என்பவரை விடுவிக்கப்பட்ட நார்மண்டிக்கான ஆணையராக அமர்த்தினார். விஷி அரசு நியமித்திருந்த துணை ஆட்சியருக்குப் பதிலாக, எதிர்ப்பியக்கத்தைச் சேர்ந்த ரேமோன் த்ரிபூலே அந்த நாற்காலியில் அமர்ந்தார். அன்று மாலை தெ கோல் கப்பலேறிப் போய்விட்டார். ஆனால் பிரெஞ்சு நிர்வாகம் ஒன்று பாயூவில் இயங்கத் தொடங்கிவிட்டது. அதன்பின் அயல் ராணுவ ஆட்சி என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. ஆகஸ்ட் 25 அன்று பாரிஸ் விடுதலையாகும் வரை, விடுதலை பெற்ற பிரான்சின் தலைநகர் என்று பாயூ அழைக்கப்பட்டதன் பொருள் இதுதான்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1946 ஜூன் 16 அன்று, பதவியைத் துறந்திருந்த தெ கோல் மீண்டும் பாயூவுக்கு வந்து, வலுவான குடியரசுத் தலைவர் வேண்டும் என்ற தம் அரசியலமைப்புக் கருத்தை முன்வைத்தார். அந்தக் கருத்து 1958இல் ஐந்தாம் குடியரசாக வடிவெடுத்தது. இன்று பிரான்சை ஆளும் அரசியலமைப்பின் வேர் இந்தச் சின்ன ஊரில் இருக்கிறது.

புதுச்சேரி வாசகர்களுக்கு இங்கே சொந்தத் தொடர்பு ஒன்றும் உண்டு. 1940 செப்டம்பரில், ஆளுநர் லூயி போன்வேனின் தலைமையில், புதுச்சேரியும் காரைக்காலும் அடங்கிய பிரெஞ்சிந்தியா, விஷியை உதறிவிட்டுத் தெ கோலின் பக்கம் சேர்ந்தது. பாயூ மக்கள் தெ கோலை நேரில் காண்பதற்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் முன்னரே அவரைத் தலைவராக ஏற்றுக்கொண்டிருந்த மண் அது.

மதிய உணவை இந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உணவகங்களின் அடுப்பு பகல் பன்னிரண்டு முதல் இரண்டு வரைதான் எரியும். மூன்று மணிக்குப் போனால் காப்பியும் கேக்கும்தான் கிடைக்கும். சைவர்கள் கோதுமைக்குப் பதில் பக்வீட் மாவில் சுடும் கலெத் என்ற தோசையைப் பாலாடைக்கட்டி, காளானோடு கேட்டு வாங்கலாம். பன்றி இறைச்சி வேண்டாம் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், ஏனெனில் வழக்கமான கலெத்தில் அது இருக்கும். அரிசி, பால், சர்க்கரை, இலவங்கப்பட்டை சேர்த்து மண்சட்டியில் மணிக்கணக்கில் அடுப்பில் வேகவைக்கும் தெர்கூல் இந்த வட்டாரத்தின் இனிப்பு. மேலே பழுப்பு நிறத்தில் ஆடை கட்டியிருக்கும். உள்ளே நம் பால்பாயசத்தை இறுகக் காய்ச்சினாற்போல இருக்கும்.

ஆறாம் படி: புறவழிச் சாலையும் போர் அருங்காட்சியகமும்

ஊரின் தெற்கு விளிம்புக்கு நடந்து வாருங்கள். பழைய ஊரைச் சுற்றி வளையமாக ஓடும் அகன்ற சாலை, 1944 கோடையில் பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர்கள் போட்டது. கடற்கரையிலிருந்து வந்த டாங்கிகளும் லாரிகளும் பாயூவின் குறுகலான தெருக்களில் திரும்ப முடியாமல் சிக்கிக்கொண்டன. ஊரை இடித்து வழி செய்வதற்குப் பதிலாக, அதைச் சுற்றிக்கொண்டு போகும் புறவழிச் சாலையை அவர்கள் அவசரமாக அமைத்தார்கள். குண்டு விழாததால் பிழைத்த ஊர், இந்தச் சாலையால் இரண்டாம் முறை பிழைத்தது என்று சொல்லலாம்.

அதன் ஒரு பகுதியான ஃபேபியன் வேர் சாலையில், நார்மண்டிப் போர் நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. கடற்கரைகளில் உள்ள பல அருங்காட்சியகங்கள் ஜூன் 6 என்ற ஒரே நாளைச் சொல்பவை. இது அதற்குப் பிந்தைய கதையை, ஜூன் 7 முதல் ஆகஸ்ட் 29 வரை நடந்த போரை, நாள் வரிசையில் சொல்கிறது. வாசலில் நிற்கும் டாங்கிகள் பிள்ளைகளை ஈர்க்கும். உள்ளே வரைபடங்களுக்கு முன்னால் பெரியவர்கள் நிதானமாக நிற்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். குளிர்காலத்தில் சில வாரங்கள் மூடுவது வழக்கம் என்பதால் முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளவும்.

ஏழாம் படி: கல்லறைத் தோட்டம்

அருங்காட்சியகத்திலிருந்து சில நிமிடங்கள் நடந்தால் பாயூ போர்க் கல்லறைத் தோட்டம். பிரான்சிலுள்ள இரண்டாம் உலகப் போர்க் காலக் காமன்வெல்த் கல்லறைத் தோட்டங்களில் இதுவே மிகப் பெரியது. மொத்தம் 4,648 கல்லறைகள். அவற்றில் 4,144 காமன்வெல்த் வீரர்களுடையவை. அந்த வீரர்களில் 338 பேர் யாரென்றே அடையாளம் தெரியாதவர்கள். மீதியில் பெரும்பாலானவை ஜெர்மன் வீரர்களுடையவை. பாயூவில் பெரிய சண்டை நடக்கவில்லை என்றால் இத்தனை கல்லறைகள் எப்படி என்ற கேள்வி எழும். இடியாத ஊர் என்பதால் ராணுவ மருத்துவமனைகள் பாயூவைச் சுற்றியே அமைந்தன. அங்கே காயம்பட்டு வந்து இறந்தவர்கள் பலர். சுற்றுவட்டாரப் போர்க்களங்களில் புதைக்கப்பட்டிருந்தவர்களும் பின்னர் இங்கே கொண்டுவரப்பட்டார்கள்.

நுழைவாயிலின் அருகே சுவரில் பதித்த சிறு உலோகப் பெட்டியில் பெயர்ப் பதிவேடு இருக்கும். தேடி வந்தவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் அங்கேயே வைத்துவிட வேண்டும். பிறகு அவசரப்படாமல் ஒரு வரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து, அதை முழுவதுமாகப் படியுங்கள். ஒவ்வொரு கல்லிலும் மேலே படைப்பிரிவின் சின்னம், அதன் கீழே எண், பதவி, பெயர், இறந்த நாள், வயது. நாள்களைக் கவனித்தபடி நடந்தால் ஜூன் முதல் வாரத்திலிருந்து ஆகஸ்ட் வரை போர் நகர்ந்த விதம் வரைபடம் இல்லாமலே விளங்கும். வயதுகளில் பத்தொன்பதும் இருபதும் திரும்பத் திரும்ப வரும். கல்லின் அடியில், புல்லும் பூச்செடியும் சற்று மறைக்கும் இடத்தில், குடும்பத்தினர் தேர்ந்தெடுத்த ஒரு வரி இருக்கும். சில கற்களில் அது இருக்காது. அந்த வரியைப் படிக்கக் குனிய வேண்டும், பல வேளைகளில் முழங்காலிட வேண்டும். அடையாளம் தெரியாதவர்களின் கற்களில் இறைவனுக்கு மட்டுமே தெரிந்தவர் என்ற பொருள்படும் வாசகம் இருக்கும். ஜெர்மன் கற்களின் உச்சி வேறு வடிவில் இருக்கும். ஆனால் பராமரிப்பில் எந்த வேறுபாடும் இல்லை, அதே பூக்கள் அங்கேயும் நடப்பட்டிருக்கின்றன. பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா சிலுவை பெற்ற கார்ப்பரல் சிட்னி பேட்ஸின் கல்லறையும் இங்கேதான் உள்ளது.

சாலைக்கு எதிர்ப்புறம், உடல் கிடைக்காத 1,800க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறித்த வெள்ளைக் கல் மண்டபம் நிற்கிறது. அதன் நெற்றியில் லத்தீனில் ஒரு வரி உள்ளது: வில்லியமால் வெல்லப்பட்ட நாங்கள், வென்றவனின் தாயகத்தை விடுவித்தோம். 1066க்கும் 1944க்கும் இடையிலான 878 ஆண்டுகளை ஒரே வாக்கியத்தில் கட்டிய அந்த வரியை, காலையில் வில்லியமின் பேராலயத்தைப் பார்த்துவிட்டு மாலையில் படிப்பதற்காகவே பயணத்தை இந்த வரிசையில் அமைத்திருக்கிறேன்.

கல்லறைகளின் மீது கால் வைக்காதீர்கள். உரத்த பேச்சு வேண்டாம். குடும்பப் படம் எடுக்க வேறு இடங்கள் இருக்கின்றன. நுழைவுக் கட்டணம் கிடையாது.

எட்டாம் படி: செய்தியாளர்களின் நினைவிடம்

அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே, மரங்களுக்கு நடுவே ஒரு பாதையில், வெள்ளைக் கற்பலகைகள் வரிசையாக நிற்கின்றன. 1944 முதல் உலகெங்கும் பணியின்போது உயிரிழந்த செய்தியாளர்களின் பெயர்கள் ஆண்டு வாரியாக அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பாயூ நகராட்சியும் எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பும் சேர்ந்து உருவாக்கிய நினைவிடம் இது. 1994 முதல் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் போர்ச் செய்தியாளர்களுக்கான விருதையும் இந்நகரம் வழங்கி வருகிறது. அந்த வாரத்தில் ஊரெங்கும் புகைப்படக் கண்காட்சிகள் நடக்கும். தன் விடுதலையைப் பழைய வெற்றியாக மட்டும் கொண்டாடாமல், இன்றைய போர்களின் மீதும் கண் வைத்திருக்கும் இந்தப் பண்புக்காகவே பாயூவை நான் மிகவும் மதிக்கிறேன். பெரும்பாலான சுற்றுலாக் குழுக்கள் இங்கே வருவதில்லை. நீங்கள் தவறாமல் வாருங்கள்.

ஒன்பதாம் படி: கடற்கரைக்கு ஒரு நாள்

இரண்டாம் நாள் கடலுக்கு. கார் இருந்தால் எளிது. பேருந்துகள் பாயூ ரயில் நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. ஆனால் நாளுக்குச் சில முறைதான், ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் குறைவு. சமதளமான நாட்டுப்புறச் சாலைகள் என்பதால் சைக்கிள் ஓட்டப் பழகியவர்கள் வாடகைக்கு எடுத்துக்கொண்டே போகலாம்.

எல்லாக் கடற்கரைகளையும் ஒரே நாளில் சுற்ற முயல வேண்டாம். பாயூவின் கதையோடு சேர்ந்தவை இரண்டு. முதலாவது லோங் சுர் மேர். கடலைப் பார்த்து நான்கு கான்கிரீட் கூடுகளில் அமைத்த ஜெர்மன் பீரங்கித் தளம் இது. பீரங்கிகள் இன்னும் அதே இடத்தில் இருக்கின்றன. அடுத்தது ஆரோமான்ஷ். பெரிய துறைமுகம் எதுவும் கைக்கு வராத நிலையில், இங்கிலாந்தில் செய்த பிரம்மாண்டமான கான்கிரீட் பெட்டிகளைக் கடல்வழியே இழுத்துவந்து இங்கே ஒரு செயற்கைத் துறைமுகத்தை உருவாக்கினார்கள். ஒமாஹாவில் அமைத்த மற்றொன்றை ஜூன் 19 முதல் வீசிய புயல் அழித்துவிட்டது, ஆரோமான்ஷ் தாக்குப்பிடித்தது. பாயூவின் புறவழிச் சாலையில் ஓடிய லாரிகளின் சுமையில் பெரும்பங்கு இங்கே இறங்கியதுதான். கடல் வற்றியிருக்கும் நேரத்தில் மணலில் நடந்து அந்தப் பெட்டிகளில் சிலவற்றின் அருகே செல்லலாம்; ஓத அட்டவணையை முதல்நாளே பார்த்து, வற்றும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேருங்கள். நீர் ஏறத் தொடங்கியதும் கரைக்குத் திரும்பிவிட வேண்டும், அது வேகமாக ஏறும்.

நேரம் மிஞ்சினால், கிழக்கே வேர் சுர் மேரில் 2021 ஜூன் 6 அன்று திறந்த பிரிட்டிஷ் நார்மண்டி நினைவகத்துக்குச் செல்லலாம். பிரிட்டிஷ் தலைமையின் கீழ் உயிரிழந்த 22,442 பேரின் பெயர்கள் அதன் தூண்களில் நாள் வரிசையில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மேற்கே கோல்வில்லில் உள்ள அமெரிக்கக் கல்லறைத் தோட்டம் இன்னொரு திசை. அதற்கும் இதற்கும் சேர்த்து ஒரே நாளில் ஓட வேண்டாம்.

பத்தாம் படி: திரும்பும் வழியில் கான்

பாரிசுக்குத் திரும்பும் ரயிலில் நேரே உட்கார்ந்துவிடாமல், கான் நிலையத்தில் இறங்குங்கள்; பாயூவிலிருந்து இருபது நிமிடத்துக்குள் வந்துவிடும். இடியாத ஊரைப் பார்த்த கண்ணோடு இடிந்து மீண்ட ஊரைப் பார்க்காவிட்டால் இந்தப் பயணத்தில் பாதிதான் முடிந்ததாகும். நிலையத்திலிருந்து மையம் நோக்கி நடக்கும்போதே, வெளிறிய கான் கல்லில் போருக்குப் பின் எழுப்பிய நேர்நேரான தெருக்களும் ஒரே உயரமுள்ள அடுக்குக் கட்டடங்களும் தொடங்கிவிடும். வழியில் வரும் புனித பேதுரு ஆலயத்தின் கோபுரத்தை 1944 ஜூன் 9 அன்று ஒரு கப்பற்பீரங்கிக் குண்டு வீழ்த்தியது. இப்போது நிற்பது மீண்டும் கட்டியது. அங்கிருந்து மேற்கே ஆண்கள் மடத்துக்குப் போனால், அதன் ஆலயத்துக்குள் வில்லியமின் கல்லறை உள்ளது. குண்டு மழையின் நடுவே ஆயிரக்கணக்கான கான் மக்கள் அடைக்கலம் புகுந்து உயிர் தப்பியதும் அந்த மடத்தின் சுவர்களுக்குள்தான். அரை நாளுக்கு இவ்வளவே போதும்; 1988இல் திறந்த கான் போர் நினைவு அருங்காட்சியகம் நகருக்கு வெளியே இருப்பதால், அதையும் சேர்ப்பதானால் இன்னும் ஓர் இரவு தங்கும்படி திட்டமிடுங்கள்.